தலைகீழ் மலையில் ஒரு தீபாவளி

மலை ஏறுறதுன்னா நமக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதான். முதல்ல நாக்குத் தள்ள ஏறணும். உச்சியில நின்னு நாலு போட்டோ எடுக்கணும். அப்புறம் ஜாலியா அரட்டை அடிச்சுக்கிட்டே இறங்கி வந்து, அடிவாரத்துல சூடா இட்லி சாப்பிடணும். பழநியோ, பர்வதமலையோ, வெள்ளியங்கிரியோ... எல்லாத்துக்கும் இதே ரூல்தான்!

ஆனா, இந்தக் கணக்கு அப்படியே உல்டாவா இருக்கிற இடம் ஒண்ணு இருக்கு பாஸ். காரை விட்டு இறங்கினதும் நீங்க உச்சியிலதான் நிப்பீங்க. பாதை கீழே போகும். இறங்குறப்போ ஜாலியோ ஜாலி. கால்ல பலமெல்லாம் தீர்ந்ததுக்கு அப்புறம்தான் ஏற்றம் ஆரம்பிக்கும். அமெரிக்காவோட அரிசோனா மாநிலத்துல இருக்கிற கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவைத்தான் சொல்றேன்.

2023 நவம்பர்ல, தீபாவளி வார இறுதியில அங்கே போயிட்டு வந்தோம். ஒரு ராத்திரி, ரெண்டு பகல், ஒரு டென்ட், ஒரு செகண்ட் ஹேண்ட் கேமரா. அவ்வளவுதான். அந்தக் கதையைத்தான் இப்போ உங்ககிட்ட சொல்லப் போறேன்.

நாங்க நாலு பேர்

எங்க கோஷ்டியில யாருக்கும் பேர் கிடையாது. ஊர்தான் பேர். நான் சிவகாசி. ரூம்மேட் ஈரோடு. கார் அவனோடது, அதனால சாப்பாட்டு மெனுவும் அவன் சொன்னபடிதான். மூணாவது ஆள் கடப்பா. தெலுங்குப் பையன். எங்ககூட இருந்து இருந்து தமிழ்ல நல்லாவே சண்டை போடுவான். நாலாவது, எங்க எல்லாருக்கும் சீனியர், மதுரை. அவரை மட்டும் 'அண்ணே'னு கூப்பிடுவோம்.

இந்த ட்ரிப்புக்குக் காரணமே மதுரை அண்ணன்தான். அவருக்கு அமெரிக்காவுல மிச்சம் இருந்தது நாலே நாள்.

உங்கள்ல சில பேர் அடுத்த வருஷம் எம்.எஸ். படிக்க ஃப்ளைட் ஏறப் போறீங்க. அதனால இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லிடுறேன். படிப்பு முடிஞ்சதும் அங்கேயே வேலை பார்க்க ஓபிடின்னு ஒரு அனுமதி வாங்கணும். அது ஆரம்பிச்ச தேதியில இருந்து மொத்தமா 90 நாளுக்கு மேல வேலை இல்லாம இருக்க முடியாது. வேலை கிடைக்கலைன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 2022, 2023ல பெரிய பெரிய ஐ.டி. கம்பெனிகள் எல்லாம் ஆட்களை வரிசையா வீட்டுக்கு அனுப்பிக்கிட்டு இருந்த நேரம். பத்து வருஷ அனுபவம் உள்ளவங்களே வேலைக்கு அலையும்போது, புதுசா படிச்சு முடிச்ச நம்ம ஆளை யாரு கூப்பிடுவா? அண்ணன் போட்ட அப்ளிகேஷன் அறுநூறைத் தாண்டும். வந்த இன்டர்வியூ ஏழு. வேலை? சைபர்!

இவ்வளவு நடந்தும் ஊர்ல அவர் மூச்சு விடலை. 'பதினஞ்சாம் தேதி லீவுல வர்றேன்'னு மட்டும்தான் வீட்டுல சொல்லி வச்சிருந்தார். வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு. லோன் வாங்கித்தான் வந்தார். 'திரும்பிப் போகலை'னு சொல்ல அவருக்கு வாய் வரலை.

ரெண்டு வருஷத்துல அந்த மனுஷன் எங்கேயும் போனதில்லை. கேன்டீன்ல பகுதி நேர வேலை பார்த்த காசுல அவர் தனக்குன்னு வாங்கின ஒரே பொருள், ஒரு பழைய கேமரா. வாங்கின நாள்ல இருந்து 'கிராண்ட் கேன்யன்ல ஒரே ஒரு சன்செட் எடுக்கணும்டா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். நாலு மணி நேரத் தூரம்தான். ஆனா, 'வேலை கிடைக்கட்டும், அப்புறம் போவோம்'னு தள்ளித் தள்ளியே போயிடுச்சு.

ஈரோடுதான் ஒருநாள் ராத்திரி சாவியைத் தூக்கிக் காட்டினான். "அண்ணே, வேலை கெடக்குதுங்க. சனிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு ரெடியா இருங்க."

கள்ளியில இருந்து பைனுக்கு

எங்க காலேஜ் இருக்கிறது ஃபீனிக்ஸ் பக்கம். வெயில்ல நம்ம வேலூருக்கு அண்ணன். நவம்பர்லயும் டி-ஷர்ட்தான். அங்கிருந்து கிராண்ட் கேன்யனோட தெற்கு விளிம்புக்கு 370 கிலோமீட்டர். கிளம்பினதும் ரோட்டோரம் ஆள் உயரத்தைவிட மூணு மடங்கு உயரத்துல சாகுவாரோ கள்ளிகள் கையைத் தூக்கிட்டு நிக்கும். ரெண்டு மணி நேரம் போனா ஃப்ளாக்ஸ்டாஃப். கள்ளியெல்லாம் காணாமப் போய் பைன் மரக்காடு வந்துடும். ஃபீனிக்ஸ் கடல் மட்டத்துல இருந்து சுமார் 330 மீட்டர், ஃப்ளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். வத்தலகுண்டுல இருந்து கொடைக்கானல் ஏறின மாதிரிதான். ஆனா, கொண்டை ஊசி வளைவு கிடையாது, வாந்தியும் கிடையாது!

டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் காலேஜ்லயே வாடகைக்குக் கிடைச்சுது. நாங்க போன நவம்பர் 11 அங்கே வெட்டரன்ஸ் டே. அந்த வருஷம் அன்னிக்கு எல்லா தேசியப் பூங்காவுலயும் நுழைவுக் கட்டணம் இலவசம். காசு மிச்சம்னு நாங்க சந்தோஷப்பட, நம்மளை மாதிரியே யோசிச்ச ஆயிரம் பேர் வாசல்ல வரிசையில நின்னாங்க. இலவசம்னா கூட்டம் கூடுறது நம்ம ஊர்ல மட்டும்தான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

முதல் பார்வை

கிராண்ட் கேன்யனை தூரத்துல இருந்து பார்க்க முடியாது. அதுதான் அதோட ஸ்பெஷல். மலைன்னா பத்து மைலுக்கு முன்னாடியே தெரியும். இது பள்ளமாச்சே! காருக்கு ரெண்டு பக்கமும் மரம், மரம், மரம்தான். வண்டியை நிறுத்திட்டு நூறு, இருநூறு அடி நடந்தோம். சட்டுனு தரை முடிஞ்சு போச்சு.

யாரும் பேசலை. முதல்ல வாயைத் திறந்தது மதுரை அண்ணன்தான். "என்னடா இது... பூமி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது!"

அளவைச் சொல்றேன், கேட்டுக்கங்க. நீளம் 446 கிலோமீட்டர். சென்னையில இருந்து மதுரை வரைக்கும் ரோட்டுக்குப் பதிலா ஒரே பள்ளத்தாக்கு இருந்தா எப்படி இருக்கும், அப்படி! அகலம் சில இடத்துல 29 கிலோமீட்டர். ஆழம் 1.6 கிலோமீட்டருக்கும் மேல. இவ்வளவையும் அறுத்தது கொலராடோ ஆறு. அறுக்க எடுத்துக்கிட்ட நேரம், ஐம்பது அறுபது லட்சம் வருஷம். மேல இருந்து பார்த்தா அந்த ஆறு நிறைய இடத்துல கண்ணுக்கே தெரியாது. தெரியற இடத்துல நூல் மாதிரி கிடக்கும்.

பாறைகள் அடுக்கு அடுக்கா, ஒவ்வொண்ணும் ஒரு கலர்ல இருக்கும். மேல் அடுக்கு சுண்ணாம்புக்கல். அதுக்கு வயசு 27 கோடி வருஷம். உத்துப் பார்த்தா கடல் உயிரினங்களோட தடம் இருக்கும். ஆமா, நாம நிக்கிற கொடைக்கானல் உயரம் ஒரு காலத்துல கடலோட தரை. அடியில, ஆத்தங்கரையில இருக்கிற கறுப்புப் பாறைக்கு வயசு 170 கோடி வருஷத்துக்கும் மேல. அந்தப் பாறைக்குப் பேர் என்ன தெரியுமா? 'விஷ்ணு ஷிஸ்ட்'!

நிஜமாத்தான். கிளாரன்ஸ் டட்டன்னு ஒரு புவியியல் அறிஞர், 1880கள்ல இந்தப் பள்ளத்தாக்கைப் பத்தி எழுதினவர். உள்ளே கோபுரம் மாதிரி நிக்கிற பாறைகளுக்கு நம்ம பக்கத்துச் சாமி பேர்களை வச்சார். விஷ்ணு கோயில், சிவா கோயில்னு ஆரம்பிச்சது அப்படியே வழக்கமாகி, பிரம்மா கோயில், புத்தர் கோயில்னு வரைபடம் பூரா கோயிலாப் போச்சு. அடுக்கடுக்காக் குறுகிக்கிட்டே போற அந்தப் பாறையைப் பார்த்தா உங்களுக்கும் கோபுரம்னுதான் தோணும்.

கடப்பா மட்டும் அசரலை. "எங்க ஊர்ல கண்டிகோட்டா இருக்கு. பெண்ணாறு வெட்டினது. கோட்டையும் இருக்கு. இங்கே கோட்டை எங்கேடா?"ன்னு கேட்டான். பதில் சொல்ல முடியலை.

ஓடி ஓடிப் படம் கழுவின அண்ணன் தம்பி

டென்ட் அடிச்சிட்டு மத்தியானம் நாங்க போன இடம் கோல்ப் ஸ்டூடியோ. போட்டோகிராஃபி ஆர்வம் இருக்கிற யாரும் இதைத் தவறவிடக் கூடாது. எல்ஸ்வொர்த் கோல்ப், எமரி கோல்ப்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர். 1904ல இருந்து பள்ளத்தாக்கோட விளிம்புல, பாறையில தொத்திக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரு ஸ்டூடியோ கட்டினாங்க. கோவேறு கழுதை மேல ஏறி உள்ளே போற டூரிஸ்ட்டுகளை, பாதை ஆரம்பிக்கிற இடத்துல வச்சுப் படம் எடுப்பாங்க. அவங்க சாயங்காலம் திரும்பி வர்றதுக்குள்ள பிரின்ட் போட்டு விக்கணும்.

பிரச்னை என்னன்னா, மேல தண்ணி கிடையாது. படம் கழுவ நல்ல தண்ணி வேணுமே! நல்ல தண்ணி இருந்தது ஏழு கிலோமீட்டர் தள்ளி, 900 மீட்டர் ஆழத்துல. (இன்னிக்கு அந்த இடத்துக்குப் பேர் ஹவாசுபாய் கார்டன்ஸ். அங்கே வாழ்ந்து, வெளியேத்தப்பட்ட பழங்குடி மக்களோட பேரை 2022லதான் வச்சாங்க.) எமரி கண்ணாடி நெகட்டிவைத் தூக்கிக்கிட்டு அந்தப் பாதையில கீழே ஓடுவார். அங்கேயே கழுவி, பிரின்ட் போட்டு, கழுதைகள் வர்றதுக்கு முன்னாடி மேலே ஓடி வந்துடுவார்!

அதோட விட்டாங்களா? 1911-12ல சினிமா கேமராவைப் படகுல ஏத்திக்கிட்டு கொலராடோ ஆத்துலயே போய்ப் படம் பிடிச்சாங்க. அந்தப் படத்தை எமரி தன் ஸ்டூடியோவுல 1976ல சாகிற வரைக்கும் திரையிட்டுக்கிட்டு இருந்தார்.

மதுரை அண்ணன் அந்தக் கட்டடத்து ஜன்னல்கிட்ட ரொம்ப நேரம் நின்னார். "ஒரு படத்துக்கு இந்த ஓட்டம் ஓடியிருக்கான் பாரு"ன்னார். அப்புறம் தன் கேமராவைத் துணியால துடைச்சார்.

யாக்கி பாயின்ட், மாலை 5.20

சன்செட்டுக்கு நாங்க தேர்ந்தெடுத்த இடம் யாக்கி பாயின்ட். நம்ம காரைக் கொண்டு போக முடியாது, பூங்காவோட இலவச பஸ்லதான் போகணும். அதனாலயே கூட்டம் கம்மி. கிழக்கே விஷ்ணு கோயில் பாறை அம்சமாத் தெரியும்.

கேமரா வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். மத்தியான வெயில்ல இங்கே எடுக்கிற படம் எல்லாம் சப்புனு, பழைய காலண்டர் மாதிரி வரும். நிழல் இல்லாததால ஆழமே தெரியாது. வெளிச்சம் சாயச் சாயத்தான் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாப் பிரிஞ்சு வரும். சூரியனைப் பார்த்து கேமராவை நீட்டாதீங்க. அது எந்த ஊர்லயும் அதே சூரியன்தான். முதுகை அதுக்குக் காட்டிட்டு, எதிர்ப்பக்கப் பாறை சிவக்கிறதைப் பாருங்க. அந்தச் சிவப்பு பத்து நிமிஷம் இருந்தா அதிகம்.

அண்ணன் நாலரைக்கே ட்ரைபாடைப் போட்டுட்டார். ஃப்ரேம் வச்சு, ஃபோகஸ் வச்சு, கையைத் தேய்ச்சுக்கிட்டு நின்னார். அஞ்சு மணி தாண்டுச்சு. பாறை மஞ்சள்ல இருந்து ஆரஞ்சுக்கு மாற ஆரம்பிச்சுது. அப்போ அவர் போன் அடிச்சுது.

ரெண்டு புள்ளி சிக்னல்தான். அவங்க அம்மா. அரிசோனாவுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சேகால்னா, மதுரையில ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அஞ்சே முக்கால். தீபாவளி. எண்ணெய் தேய்ச்சு வெந்நீர்ல குளிச்சிட்டு, முதல் போனைப் பையனுக்குப் போட்டிருக்காங்க.

"எப்பா, கங்கா ஸ்நானம் ஆச்சா?"ன்னு அவங்க கேட்டது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "இங்கே இன்னும் பொழுதே விடியலைம்மா, தீபாவளி நாளைக்குத்தான்"னார். அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. பாறையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கேமரா ரிமோட்டை என் கையில திணிச்சு, "நீ எடுடா"ன்னு சொல்லிட்டு வேலி ஓரமா நடந்து போயிட்டார்.

அவர் பேசினதுல ஒரு வரிதான் காத்துல வந்துச்சு. "அம்மா, அப்பாகிட்ட கொடு... இந்தத் தடவை எனக்கு ரிட்டர்ன் டிக்கெட் இல்லம்மா."

ரெண்டு வருஷம் காத்திருந்த வெளிச்சம் அந்த நேரம் பார்த்து வந்துச்சு. ஆரஞ்சு சிவப்பாச்சு. விஷ்ணு கோயில் பாறை உள்ளே யாரோ அடுப்பு மூட்டின மாதிரி ஜொலிச்சுது. நான் கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினேன். ஃப்ரேமோட ஓரத்துல, அந்த மொத்த சிவப்புக்கும் முன்னாடி, ஒரு மனுஷன் காதுல போனை வச்சுக்கிட்டு நிக்கிறார். உருவம் ஒரு அரிசி அளவுதான் இருக்கும். பட்டனை அமுக்கினேன்.

அவர் திரும்பி வந்தப்போ சிவப்பெல்லாம் போய் நீலம் வந்தாச்சு. ஈரோடுதான் மெதுவாக் கேட்டான். "அப்பா என்னங்கண்ணே சொன்னாரு?"

"வீட்டுக்கு வர்றவனுக்கு எதுக்குடா ரிட்டர்ன் டிக்கெட்னாரு." கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்புறம் லோனைப் பத்திக் கேட்டாரு"ன்னார்.

நான் கேமரா ஸ்கிரீனைக் காட்டினேன். பெரிசாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். "பரவாயில்லைடா. இப்பத்தான் அளவு தெரியுது"ன்னார்.

சிவகாசிக்காரனோட சத்தமில்லாத தீபாவளி

மேத்தர் முகாம்ல எங்க டென்ட். தேசியப் பூங்காவுல பட்டாசு வெடிக்கக் கூடாது. ஒரு கம்பி மத்தாப்புகூட ஆகாது. சிவகாசியில பிறந்தவன், தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஒரு சத்தம்கூட இல்லாம உக்காந்திருக்கேன். எங்க தெருவுல கேட்டா சிரிப்பாங்க! விறகுகூட காட்டுல பொறுக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கி, அதுக்குன்னு இருக்கிற இரும்பு வளையத்துக்குள்ளதான் எரிக்கணும். அதுல புளியோதரையைச் சூடு பண்ணிச் சாப்பிட்டோம். யானை சைஸுக்கு இருந்த ஒரு எல்க் மான், எங்க டென்ட்டைத் தாண்டி ரொம்ப சாவகாசமா நடந்து போச்சு. கடப்பா மூச்சை நிறுத்தினவன், அது போய் அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் விட்டான்.

குளிர் ஜீரோவுக்குக் கீழே. ஆனா, அன்னிக்கு ராத்திரி தூங்கினா பாவம் பாஸ். ஏன்னு யோசிங்க. தீபாவளி எப்பவுமே அமாவாசையை ஒட்டித்தான் வரும். நிலா கிடையாது. கிராண்ட் கேன்யன் 2019ல முறைப்படி அங்கீகாரம் வாங்கின 'இருள் வானப் பூங்கா'. அங்கே விளக்கெல்லாம் தரையைப் பார்த்துத்தான் எரியும். அதனால, நட்சத்திரம் பார்க்க நம்ம பஞ்சாங்கத்தைவிட நல்ல கைடு இல்லை!

தலைக்கு மேல கார்த்திகைக் கூட்டம். அதுக்குக் கொஞ்சம் தள்ளி வியாழன், பல்பு மாதிரி. ஒன்பது மணிக்கு மேல திருவாதிரை சிவப்பா எழுந்து வந்துச்சு. ஜாதகத்துல மட்டும் கேள்விப்பட்ட பேரெல்லாம் வானத்துல நிஜமாவே இருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

அண்ணன் முழு ஃபார்முக்கு வந்துட்டார். எங்களுக்குக் கிளாஸே எடுத்தார். நீங்களும் குறிச்சுக்கங்க. ட்ரைபாட் கட்டாயம். லென்ஸை எவ்வளவு அகலமா திறக்க முடியுமோ திறங்க. கேமராகூட வர்ற சாதா 18-55 லென்ஸே போதும், 18லயே வையுங்க. ஐஎஸ்ஓ 3200. ஷட்டர் 15லிருந்து 20 செகண்டுக்குள்ள. அதுக்கு மேல போனா பூமி சுத்துறது படத்துல தெரிஞ்சு, நட்சத்திரம் கோடாயிடும். ஆட்டோ ஃபோகஸ் இருட்டுல திணறும், அதனால பெரிய நட்சத்திரம் ஒண்ணைப் பார்த்துக் கையாலயே ஃபோகஸ் பண்ணுங்க. குளிர்ல பேட்டரி சீக்கிரம் தீரும். ஸ்பேர் பேட்டரியை உடம்போட ஒட்டின பாக்கெட்ல வையுங்க.

நடுராத்திரி தாண்டி ஈரோடும் கடப்பாவும் தூங்கிட்டாங்க. அண்ணன் மட்டும் ஷட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு பக்கத்துல குந்தியிருந்தார். "மூணு மாசமா ராத்திரி தூக்கமே வரலைடா"ன்னார். "இன்னிக்கு தூக்கம் வருது. தூங்கத்தான் மனசு வரலை."

இறங்குறது உங்க இஷ்டம்!

ஞாயிறு விடிகாலை. கிழக்கே விடிவெள்ளி. எண்ணெய்க் குளியலுக்கு வழியில்லை. ஈரோடு கொண்டு வந்த தேங்காய் எண்ணெய் பாட்டில்லயே உறைஞ்சு கல்லா இருந்துச்சு. அதைச் சுரண்டி ஆளுக்கொரு துளி உச்சந்தலையில வச்சுக்கிட்டு, சவுத் கைபாப் பாதைக்குக் கிளம்பினோம்.

'இறங்குறது உங்க இஷ்டம், ஏறுறது கட்டாயம்'னு அங்கே ஒரு பேச்சு உண்டு. மேல சில்லுனு இருக்கும், இறங்க இறங்கச் சூடாகும். நம்ம மலைக்கு நேர் எதிர். இறங்கின நேரத்தைப் போல ரெண்டு மடங்கு ஏறுறதுக்கு ஒதுக்கணும்னு பூங்கா ஆட்களே சொல்றாங்க. ஒரே நாள்ல ஆறு வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம்னு நினைக்கவே வேண்டாம். அப்படி நினைச்சுச் சிக்கிக்கிட்டவங்களை வருஷா வருஷம் நூத்துக்கணக்குல மீட்டுக்கிட்டு இருக்காங்க. அதுவும் இந்தப் பாதையில வழியில ஒரு சொட்டுத் தண்ணி கிடைக்காது.

ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி எடுத்துக்கிட்டோம். வெறும் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருந்தாலும் ஆபத்துதான். வேர்வையில உப்பு போயிடுறதால உப்பா எதையாவது கொறிக்கணும். எங்ககிட்ட தீபாவளி முறுக்கு ஒரு டப்பா இருந்துச்சு. மலையேற்றத்துக்கு இதைவிட நல்ல தின்பண்டம் எந்த அமெரிக்கக் கடையிலயும் கிடையாதுன்னு அடிச்சுச் சொல்வேன்!

1.4 கிலோமீட்டர்ல 'ஊ ஆ பாயின்ட்'. பேரே அதுதான். அங்கே போய் நின்னா வாயில வர்ற சத்தமும் அதுதான். அதுக்கும் கீழே, 2.4 கிலோமீட்டர்ல சீடர் ரிட்ஜ். செக்கச் செவேல்னு மண்மேடு. அங்கே போறதுக்குள்ள நாலு பாறை அடுக்கைத் தாண்டிடுவோம். அதுல ஒரு வெளுத்த அடுக்கு, ஆதிகாலத்துப் பாலைவன மணல்மேடு அப்படியே கல்லானது. காத்து வாரிப் போட்ட சாய்வுகூட இன்னும் அப்படியே கோடு கோடா இருக்கு.

சீடர் ரிட்ஜ்ல உக்காந்தப்போ மணி ஒன்பதைத் தாண்டல. பாதை இன்னும் கீழே வளைஞ்சு வளைஞ்சு போச்சு. கடப்பாவுக்கு ஆசை. "இன்னும் ஒரு கிலோமீட்டர்டா, பிளீஸ்!" அண்ணன் தண்ணி பாட்டில்களை வரிசையா வச்சு அளந்து பார்த்தார். பாதி காலி. "இல்லடா. இதுதான் நம்ம எல்லை. திரும்பலாம்"னார். அவ்வளவு நிதானமா, வருத்தமே இல்லாம ஒரு ஆள் 'திரும்பலாம்'னு சொல்லி நான் கேட்டதில்லை.

ஏற்றம் 340 மீட்டர். ஒவ்வொரு வளைவுலயும் நின்னோம். கழுதை வரிசை வந்தா பாதையோட மலைப்பக்கம் ஒதுங்கி, சத்தம் போடாம நிக்கணும். அது ரூல். எங்களுக்கு அது வரம். நல்லா மூச்சு வாங்கிக்கலாமே! கடைசி வளைவு தாண்டி மேல வந்தப்போ, அண்ணன் திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கும்பிடு போட்டார். விஷ்ணுவுக்கா, அந்த எமரிக்கான்னு தெரியலை.

நீங்க போறதா இருந்தா...

முகாம் இடத்தை முன்கூட்டியே பதிவு பண்ணிடுங்க, மாசக்கணக்குக்கு முன்னாடியே தீர்ந்துடும். கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறும், கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்துக்கங்க. விளிம்பு பூராவும் வேலி கிடையாது. செல்ஃபிக்காக ஒரு அடி பின்னாடி வைக்கிற ஆளைப் பார்த்தா, கூச்சப்படாம சட்டையைப் பிடிச்சு இழுங்க. அணில் அழகா வந்து கையேந்தும், பிஸ்கட் கொடுக்காதீங்க. கடிக்கும். அபராதமும் உண்டு. ஒரு கல்லைக்கூட பையில போட்டுக்காதீங்க.

அரிசோனா வரைக்கும் போக முடியாதா? கடப்பா சொன்ன கண்டிகோட்டா ஆந்திராவுலதான் இருக்கு. சின்னதுதான். ஆனா, பெண்ணாறு வெட்டின செம்பாறை, மேல கோட்டை, அமாவாசை வானம் எல்லாம் உண்டு. விசா வேண்டாம். ஆத்தைப் பார்த்து நாலு பேரோட உக்காந்தா போதும், மத்ததெல்லாம் தானா வரும்.

மதுரை அண்ணன் பதினஞ்சாம் தேதி ஃப்ளைட் ஏறினார். ஊர்ல நாலு மாசம் வேலை தேடினார். நடுவுல கல்யாண வீட்டு போட்டோவெல்லாம்கூட எடுத்தார். இப்போ கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில இருக்கார். லோன் இன்னும் பாக்கி இருக்கு.

போன வருஷம் லீவுல ஊருக்கு வந்தப்போ அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால்ல, சாமி படத்துக்குப் பக்கத்துல அந்த யாக்கி பாயின்ட் படத்தைப் பெரிசா ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க. வர்றவங்க எல்லாரும், "படம் நல்லா இருக்கு. ஆனா, பையனைக் காணோமே?"ன்னு கேட்பாங்களாம். உடனே அவங்க அம்மா எழுந்து வந்து, அந்தச் சிவப்புக்கு நடுவுல அரிசி அளவுல இருக்கிறவர் மேல விரலை வச்சு, "இந்தா நிக்கிறான் பாருங்க. என்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்கான்"னு காட்டுவாங்களாம்.

கண்ணாடியில அந்த இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கு.